ஐந்து டிக்கெட்டும் ஒரு பரணும்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவிடுவாய் என்று தெரியும். இரண்டு நாள் கிடக்கட்டும், அப்புறம் பிரி. ஆறு வருஷம் பேசாமல் இருந்தவனுக்கு இரண்டு நாள் ஒரு கணக்கா? போன் செய்யலாம்தான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதம் அப்படி இல்லை, பாதியில் நிறுத்தினாலும் மிச்சம் கையிலேயே இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹெட் நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டையர் ஆகிவிட்டேன். முப்பத்தாறு வருஷம் வார்டு வார்டாக அலைந்த அம்மாவுக்கு ஒரு ஓய்வு என்று என் மகள் என்னைச் சுற்றுலாக் கப்பலில் அனுப்புகிறாள். பன்னிரண்டு நாள், ஐந்து துறைமுகம். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த சிநேகிதி துணைக்கு வருகிறாள். மருந்துக்காரி என்றால் உனக்குத் தெரியும்.

மூன்றாவது துறைமுகத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வயதில் காலண்டரிலிருந்து ஒரு வளைந்த ரயில் பாலத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாயே, அந்தப் பாலத்துக்கு அங்கிருந்துதான் வண்டி. கப்பல்காரர்களின் பஸ் அந்தப் பக்கமே போவதில்லை. ஒரு கோட்டை, ஒரு கண்ணாடித் தொழிற்சாலை, நிறையக் கடை, அவ்வளவுதான். கப்பல் காலை ஒன்பதுக்கு வருகிறது, மாலை ஐந்தரைக்குக் கிளம்புகிறது. அவர்கள் பஸ்ஸில் போனவர்கள் வரத் தாமதமானால் கப்பல் காத்திருக்குமாம். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காதாம். கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு ரயிலில் போய் அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டும். போய்த் திரும்ப நேரம் இருக்குமா? இதைச் சரியாகச் சொல்லக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே நீ ஒருவன்தான். ஐஸ் வைக்கிறேன் என்று நினைக்காதே.

உன் அக்கா

பி.கு. பரண் விஷயத்தை நான் மறந்துவிட்டதாகவும் நினைக்காதே.


ஜனவரி 21

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இழுப்பறையில் நான்கு நாள் இருந்தது.

போகலாம். துறைமுகத்திலிருந்து ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. 9.50க்கு வண்டி, இரண்டாவது பிளாட்பாரம். மலைமேல் இருக்கும் ஊரின் ஸ்டேஷனுக்கு 11.35. அதற்கு ஒன்பது நிமிஷம் முன்னால், 11.26க்கு, பாலம். திரும்ப 2.40 வண்டி. துறைமுகத்துக்கு 4.25. கப்பல் ஐந்தரைக்கு. நடந்தது போக ஐம்பத்தைந்து நிமிஷம் கையில் மிச்சம் இருக்கும். அந்த நாட்டுக் கால அட்டவணை புதிதாக ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. பழையவை இருந்திருந்தால் இந்த 2.40 வழக்கமாகத் தாமதிக்கிற வண்டியா என்று ஒப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

ஐஸ் வேண்டாம். ரயில்வே விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன் யார் கேட்டாலும் சொல்ல வேண்டும். நம்பி உன் வீட்டுப் பரணில் வைத்த முப்பத்து மூன்று வருஷக் கால அட்டவணைகளை, வெள்ளையடிக்கிற சாக்கில் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டவர்கள் கேட்டாலும் சொல்ல வேண்டும். உத்தியோகம் அப்படி.

கூலியாக ஒன்று. பயணம் செய்த டிக்கெட்டுகளை எறியாமல் எனக்கு அனுப்பு.

தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

திட்டுவதற்காகவாவது எழுதினாயே. அந்த இரண்டாவது பத்தியை ஆறு வருஷமாக மனசுக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்தாய் என்று தெரிகிறது. நன்றாகவே வந்திருக்கிறது.

மருந்துக்காரியிடம் உன் தாளைக் காட்டினேன். “உனக்கென்ன பைத்தியமா? பஸ்ஸு கப்பல் வாசல்லயே வந்து நிக்குது, ஏறி உக்காந்தாப் போதும். ஊர் பேர் தெரியாத எடத்துல ரயில் மாறிப் போச்சுன்னா?” என்றாள். “என் தம்பி எழுதிக் குடுத்தது. கண்ண மூடிக்கிட்டுப் போவேன்” என்றேன். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. ராத்திரி அந்தத் தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தபோது எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்லை.

நீயே வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் உன் வயிறு நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் எத்தனை தூரம் போனாலும் கல்லுக்குண்டாட்டம் இருப்பாய், ரயில் ஏறினால் பத்தாவது நிமிஷம் வாந்தி. ரயிலையே மூச்சாகக் கொண்டவனுக்கு இப்படி ஒரு வயிறு! இன்னமும் மூன்றாவது ஸ்டேஷனைத் தாண்டியதில்லையா?

எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டாயே?

உன் அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

நலம். நீ நலமா?

தாண்டியதில்லை.

போகும்போது வலது பக்க ஜன்னல், வரும்போது இடது பக்கம். கடைசிப் பெட்டியில் உட்கார். பாலம் வலப்பக்கமாக வளைகிறது, உன் வண்டியின் என்ஜினை உன் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அதைத்தான் அந்தக் காலண்டரில் படம் எடுத்திருந்தார்கள். தூண்கள் பதினாறு. முடிந்தால் எண்ணிப் பார்.

முக்கியமான ஒன்று. ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் உன் கைக்கடிகாரத்தை ஸ்டேஷன் கடிகாரத்துக்குத் திருத்திக்கொள். வேறு யார் சொல்லும் நேரத்தையும் நம்பாதே. இந்த ஜன்னலுக்கு ஓடி வந்து வண்டி போய்விட்டதே என்று அழுகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக் கடிகாரத்தை நம்பினவர்கள்.

எலுமிச்சம்பழம் வேண்டாம். அது எனக்குத்தான்.

தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்துவிட்டேன்! 11.26 என்றாய். 11.26.

ஒரு குகையிலிருந்து வெளியே வந்ததும் கீழே தரையே இல்லை. வண்டி வளைய வளைய முன்னால் போகும் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, கடைசியில் என்ஜினும் தெரிந்தது. நான் வாய்விட்டு “அடேயப்பா” என்றுவிட்டேன். எதிரே இருந்தவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தினமும் போகிறவர் போலிருக்கிறது. அவர் கையிலிருந்து அந்தப் பேப்பரைப் பிடுங்கி வெளியே பார்க்க வைக்க வேண்டும் போல இருந்தது.

அந்த மலை ஊரில் இறங்கிப் பள்ளத்தாக்கு வரை குறுக்குப் பாதையில் நடந்து போய்ப் பாலத்துக்குக் கீழே நின்றேன். தூண்கள் பதினேழு. மூன்று தடவை எண்ணினேன். ஒன்று பெரிய மரத்துக்குப் பின்னால் நிற்கிறது, அதனால்தான் உன் படத்தில் விழவில்லை. பத்து வயதில் கதவைத் திறந்து திறந்து எண்ணுவாயே, “பதினாறுக்கா, பதினாறுக்கா” என்று. உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே துடித்தது. பார்க்காமலே அந்த வளைவு எந்தப் பக்கம், எந்த நிமிஷம் என்று சொல்ல ஒருவனால் முடிகிறதே, அவன் என் தம்பி என்று பாறையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று பலமாகவும் இருந்தது.

திரும்பும் வண்டியும் நீ சொன்னபடியே. ஐந்து மணிக்கெல்லாம் கப்பலின் மேல்தளத்தில் டீ குடித்துக்கொண்டு, பஸ்ஸில் போனவர்கள் களைத்துப்போய் ஏறி வருவதை வேடிக்கை பார்த்தேன்.

உன் கூலி உள்ளே இருக்கிறது. வேறு ஊர்களில் சுற்றிய டிக்கெட்டும் சேர்ந்திருக்கும். வெளியே வரும் கதவில் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்டார்கள், தர மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். கசங்காமல் இருக்கக் கப்பலில் தினமும் அறைக் கதவடியில் தள்ளிவிட்டுப் போகும் தாள் ஒன்றில் மடித்திருக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து டிக்கெட் இருந்தன. மேசை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் பாலத்துக்குப் போய் வந்தது. மூன்றாவது அதே நாள் அதே துறைமுக ஸ்டேஷனில் வாங்கியது. அச்சடித்த நேரம் 5.05. அந்த நேரத்தில் நீ மேல்தளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

நான் டிக்கெட் பார்த்தே வயிறு வளர்க்கிறவன் அக்கா.

மடித்திருந்த தாளைப் பிரித்துப் படித்தேன், அதே நாள் தேதி போட்டது. ‘இந்தத் துறைமுகத்தில் கப்பலின் கடிகாரங்கள் மாற்றப்பட மாட்டா. கரையில் நேரம் ஒரு மணி பின்தங்கியிருக்கும்.’ ஐந்தரைக்குக் கிளம்பும் கப்பல் ஸ்டேஷன் கடிகாரப்படி நாலரைக்கே கிளம்பிவிடும். நீ ஸ்டேஷனில் இறங்கியது 4.25. கடிகாரத்தைத் திருத்து, வேறு யாரையும் நம்பாதே என்று சொன்னவன் நான்.

இருபத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். தப்பான நேரம் சொன்னதில்லை என்று மார்தட்டிக்கொள்வேன். முதல் தப்பை என் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மற்ற டிக்கெட்டுகளையும் அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன். அன்று மாலை ஜங்ஷன். மறுநாள் காலை 5.40க்கு அடுத்த வண்டி. 9.12க்கு இன்னொன்று, அடுத்த துறைமுகம் வரை. அந்த 9.12ஐப் பிடிக்க உனக்கு இருந்தது ஆறே நிமிஷம். பத்து நிமிஷத்துக்குக் குறைவாக ஒரு மாற்று வண்டியை நான் யாருக்கும் சொன்னதில்லை. அதைத் தாளில் எழுதக்கூட எனக்குத் தைரியம் வராது. அறுபத்து நான்கு வயதில், பாஷை தெரியாத ஊரில், கையில் யார் எழுதிய தாளும் இல்லாமல் நீ அதைப் பிடித்திருக்கிறாய். என்ன பொம்பளை நீ! மூன்றாவது ஸ்டேஷனைத் தாண்டாத நான் உனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேனே.

ஏன் மறைத்தாய்? மறைக்கிறவள் அந்த மூன்று டிக்கெட்டையும் கிழித்துப் போட்டிருக்கலாமே?

உன் தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் சாப்பிடு.

தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. காலையில் என் கடிகாரம் ஸ்டேஷன் கடிகாரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடியது. பேட்டரி போய்விட்டது போல, நல்ல வேளை தம்பி சொன்னான் என்று திருத்திக்கொண்டேன். கப்பலின் தாளை ஒரு நாளாவது படித்திருந்தால் தெரிந்திருக்கும். அதில் நான் டிக்கெட் மடிக்கிறேன்.

துறைமுகத்துக்கு நடந்து வந்தால் கப்பலின் பின்பக்கம்தான் தெரிந்தது. ஒரு இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே யாரோ எனக்குக் கையாட்டினார்கள், சும்மா வேடிக்கைக்கு ஆட்டுவது போல. பாஸ்போர்ட்டும் மாத்திரையும் கைப்பையில் இருந்தன. அடுத்த துறைமுகம் அதே நாடுதான், மறுநாள் சாயங்காலம் வரை கப்பல் அங்கே நிற்கும். அது நினைவு வந்ததும் நேராக ஸ்டேஷனுக்குத் திரும்பி, விசாரணை ஜன்னலில் போய் நின்றேன்.

கம்பிக்குப் பின்னால் உன் வயசில் ஒருவர், மூக்குக்கண்ணாடி நெற்றியில். பாஷை புரியவில்லை. எண்கள் புரிந்தன. அவர் தாளில் மூன்று வரி எழுதினார். ஆறு நிமிஷம் என்ற இடத்தில் பேனாவை வைத்து, என் காலைப் பார்த்து, தலையாட்டினார், முடியாது என்று. முடியும் என்று நான் தலையாட்டினேன். வார்டில் மணி அடித்தால் மாடிப்படியில் ஓடிய கால் இது. மறுநாள் வண்டி மாறுகிற ஸ்டேஷனின் மேம்பாலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். மத்தியானம் கப்பல் வாசலில் மருந்துக்காரி வீங்கிய முகத்தோடு நின்றாள். “உசுரோட இருக்கியாடி?” என்று கட்டிக்கொண்டாள். “தள்ளிப் போ, நேத்து ஸ்டேஷன்ல தூங்கினேன், இன்னும் பல் வெளக்கல” என்றேன்.

ஏன் மறைத்தேன் என்றால், உனக்கு அந்த ஜன்னலைவிடப் பெரிது எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு கறை விழ வேண்டாம் என்று நினைத்தேன். கிழிக்கத்தான் எடுத்தேன். கை வரவில்லை. உன்னுடைய காகிதத்தை ஒரு தடவை குப்பையாக்கியது போதும்.

அன்றைக்கு நீ காலிப் பரணைப் பார்த்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். “பழைய பேப்பர்தானே” என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். அந்த ஜன்னல்காரர் எழுதிய மூன்று வரியை ராத்திரி முழுக்க உள்ளங்கையில் வைத்திருந்தேன். அப்போதுதான் நான் எதை எடைக்குப் போட்டேன் என்று எனக்கு உறைத்தது. நான் செய்தது தப்பு. ஆறு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

உன் அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். விவரம்: 10.05க்கு வண்டி புறப்படும். 10.15க்கு வாந்தி. 10.31க்கு மூன்றாவது ஸ்டேஷன், அங்கே இறங்கி ஓடிவிடாமல் இருக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். அதற்கு மேல் உள்ள ஊர்களை அட்டவணையில் மட்டுமே தெரியும். 12.50க்கு உங்கள் ஸ்டேஷன். இந்த முறை இரண்டு பக்கக் கடிகாரத்தையும் விசாரித்துவிட்டேன்.

பஸ்ஸில் வரலாம்தான். நீ ஆறு நிமிஷத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய பிறகு, நான் எந்த முகத்தோடு பஸ்ஸில் ஏறுவது?

ஸ்டேஷனுக்கு வந்து நில். என் முகம் பச்சையாக இருந்தால் பயப்படாதே, நர்ஸ்தானே நீ.

இந்த ஆறு வருஷத்தில் சேர்ந்த அட்டவணைகள் இங்கே கட்டிலுக்கடியில் கிடக்கின்றன, பதினொரு கட்டு. இடம் போதவில்லை. முதல் இரண்டு கட்டை எடுத்து வருகிறேன்.

பரணைத் துடைத்து வை.

அன்புடன்,
உன் தம்பி