தூங்காத மடு

1872 நவம்பர் 26

என் மகனின் ஞானத்தகப்பனார் வலெரியான் அர்க்காதியிச் அவர்களுக்கு,

உல்யானா வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும், தங்கள் காட்டிலுள்ள ஓநாய்களின் நலமும் அறிய ஆவல்.

விளிப்பு எப்படி? பழகிக்கொள்ளுங்கள், இனி இப்படித்தான். போன வாரம் வரை உங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் என் மாமியார் சர்க்கரை டப்பாவைப் பூட்டுவாள். ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று கீர்யாவைக் கையில் ஏந்தினீர்களே, அத்தோடு எல்லாம் மாறிவிட்டது. இன்று காலை அவளே கேட்கிறாள்: "வனத்துறைக்காரத் தம்பி ஏன் இன்னும் வரல? புள்ளைக்கு ஞானத்தகப்பன்னா சும்மாவா? அவருக்குன்னு மீன் அடை சுட்டு வெச்சிருக்கேன்." சிரிப்பை அடக்க முடியாமல் தொட்டிலுக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். ஊர் வாய்க்கு இனி தீனி இல்லை. வாசல் வழியாகவே வரலாம்.

யோசனை என்னுடையதுதான். ஆனால் உங்களைக் கேட்டவர் என் கணவர். "வலெரியான் நம்ம வீட்டுக்கு ஞானத்தகப்பனா வர்றது நம்ம பாக்கியம் உல்யானா" என்று சவ்வா இக்னாத்தியிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பிறகு உங்கள் முகம் ஞாபகம் வந்தது. உறுத்தல் போய்விட்டது. நான் அப்படிப்பட்டவள்.

இப்போது கெட்ட செய்தி. மரக்கடையை விற்றுவிட்டாராம். ஈஸ்டர் முடிந்ததும் பெர்ம் நகரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டோடு குடியேறுகிறோமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அங்க உனக்குப் பெரிய வீடு கட்டித் தர்றேன்" என்கிறார். பெரிய வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்களே.

நேற்று அவர் பனிவண்டியில் ஆற்றைக் கடந்து மறுகரைச் சந்தைக்குப் போனார். சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெத்லூகா ஆறு இவரை வாங்கிக்கொண்டால் புனித நிக்கோலாய்க்கு என் உயரத்துக்கு ஒரு மெழுகுத்திரி ஏற்றுவேன் என்று தோன்றியது. உங்களிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
உல்யானா


டிசம்பர் 14

உல்யானா,

ஓநாய்கள் நலம். நான்தான் நலமில்லை.

நிக்கோலாய் திருநாள் விருந்துக்கு வந்திருக்கவே கூடாது. உன் கணவர் என் தோளில் கைபோட்டுக்கொண்டு எல்லோரிடமும் "இவன் என் தம்பி" என்றார். அடையின் நடுத்துண்டை எனக்கு வைத்தார். பிறகு ஊரார் முன்னால் உன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். நீ கையை எடுக்கவில்லை. எடுக்க முடியாது, தெரியும். இருந்தாலும் அந்தக் கையை நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

திரும்பும்போது உறைந்த ஆற்றின் மேல் நிக்கானோரைப் பார்த்தேன். பனிப்பாதைக்கு அடையாளமாகத் தேவதாருக் கொப்புகளை நட்டுக்கொண்டிருந்தான். வழக்கம்போல் வாயில் வோட்கா நாற்றம். ஆனால் கொப்புகள் நூல் பிடித்தாற்போல் நிற்கின்றன. வளைவில் மட்டும் ஏன் இவ்வளவு சுற்றிப் போகிறாய் என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் மடு இருக்குதுங்க எஜமான். ஆறே தூங்கினாலும் அது தூங்காது. அடியில ஊத்து இருக்குது. மேல பாத்தா பனி, கால வெச்சா பரலோகம்."

"இருட்டில் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"அவன் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்? என் கொப்பப் புடிச்சுக்கிட்டே வந்தா வீட்டுக்குப் போயிருவான். பொண்டாட்டிய நம்பாதவன்கூட என் கொப்ப நம்பித்தான் ஆத்துல இறங்குறான்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் நவம்பர் கடிதத்தின் கடைசி வரிகள் எனக்கு மனப்பாடம். ஒரு பெண் அப்படி எழுதினால் அதை மெய்யாகவே எழுதியிருக்க வேண்டும். பெர்முக்கு உன்னைப் போகவிட மாட்டேன்.

வ.


1873 ஜனவரி 21

வலெரியான் அர்க்காதியிச்,

நேற்று ஒன்பதாம் நாள் சாப்பாடும் முடிந்துவிட்டது. நீங்கள் அடக்கத்துக்கும் வரவில்லை, நேற்றும் வரவில்லை. "ஞானத்தகப்பன் எங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. காய்ச்சல் என்று நானே பொய் சொல்லிவைத்தேன்.

செய்தி உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். ஆனாலும் நான் சொல்ல வேண்டும். பனிக்காற்று வீசிய அந்த மாலையில் அவர் சந்தையிலிருந்து தனியாகத் திரும்பியிருக்கிறார். குதிரையும் வண்டியும் அவருமாகத் தூங்காத மடுவில் போயிருக்கிறார்கள். மறுநாள் ஆட்கள் போய்ப் பார்த்தால், கொப்புகள் சுற்றிப் போகாமல் நேராக மடுவின் வாய்க்கே போகின்றன. நிக்கானோரை அன்றே சங்கிலி போட்டு இழுத்துப்போனார்கள். போன வருஷம் அவன் குதிரையை இவர் விறகுக் கடனுக்கு ஈடாகப் பிடித்து வைத்திருந்தார் இல்லையா? அப்போது அவன் சாராயக்கடையில், "இந்த ஆள ஆத்துக்கே தின்னக் குடுக்குறேன்" என்று கத்தினானாம். இப்போது அதைக் கேட்டதாகச் சொல்ல ஊரில் பாதிப்பேர் தயார்.

நான் அழமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கோட்டுப் பையில் கீர்யாவுக்கு வாங்கிய மரக் கிலுகிலுப்பை இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட மாமியார் அதை என் கையில் கொடுத்தாள். அப்போது வந்த அழுகை இன்னும் நிற்கவில்லை. என்னை ஒருநாளும் அதட்டாத மனுஷர். நான்தான் அவரைச் சபித்தேன்.

ஒரு நினைப்புக்கு அவ்வளவு பலம் உண்டா? வந்து, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். தூங்க முடியவில்லை.

உல்யானா


ஜனவரி 25

என் உயிரே,

இல்லை. நினைப்புக்குப் பலம் கிடையாது. கைக்குத்தான் உண்டு.

நீ கேட்டாய், நான் செய்தேன். இனி நமக்குள் மறைக்க ஒன்றும் வேண்டாம். சந்தை நாளென்று தெரியும், காற்று எழப்போகிறதென்று காட்டில் இருப்பவனுக்குத் தெரியாதா? மாலை கவியும் நேரத்தில் வளைவிலிருந்த கொப்புகளைப் பிடுங்கி நேராக நட்டேன். பெரிய வேலை இல்லை. பிறகு கரையில் நின்றேன். வண்டியின் மணிச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வரவில்லை. அவ்வளவுதான். அவரும் அதிகம் துன்பப்பட்டிருக்க மாட்டார். அப்போது நான் நினைத்ததெல்லாம் உன் கையைத்தான்.

நிக்கானோரை நினைத்து வருந்தாதே. இன்றில்லாவிட்டால் நாளை குடித்தே சாகப்போகிறவன். பாம்பும் செத்தது, கம்பும் முறியவில்லை. நீ துக்கம் காக்கும் காலம் முடியட்டும். யாரும் நம்மை அறியாத தூரத்து ஊரில் ஒரு பாதிரியாரைப் பிடிப்போம். அவர் கேள்வி கேட்காமல் மணமுடித்து வைப்பார்.

இதை வாசித்ததும் எரித்துவிடு.

உன் வ.


பிப்ரவரி 3

எரித்துவிட்டேன். தாள் போய்விட்டது. வாசித்தது போகவில்லை.

அடுப்பருகே உட்கார்ந்து நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எண்ணிக்கொண்டே நின்ற கை. நான் எழுதியது ஒரு திமிர் பிடித்த பெண்ணின் பேச்சு. கோபத்தில் "ஒழிஞ்சு போ" என்று சொல்லாத வீடு எது? மாமியார் என்னை ஒரு நாளைக்கு நாலு தடவை சாகச் சொல்கிறாள், பிறகு எனக்கே கஞ்சி ஊற்றுகிறாள். நீங்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு போய்க் கொப்பைப் பிடுங்கினீர்கள். அப்படிச் சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வாய் வரவில்லை. எழுதும்போது எனக்கு இனித்தது.

மணம் என்கிறீர்களே, மணம். தொட்டியருகே நின்று என் பிள்ளையை ஏந்தினவர் நீங்கள். பிள்ளையின் தாயும் ஞானத்தகப்பனும் கூடப்பிறந்தவர்களுக்குச் சமம், அவர்களுக்கு எந்தக் கோயிலிலும் தலையில் மணமுடி வைக்க மாட்டார்கள். இது இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு நாம் மணத்தை நினைக்கவில்லை, வாசலைத்தான் நினைத்தோம். வீட்டுக் கதவைத் திறக்கிறோம் என்று கோயில் கதவை நாமே பூட்டினோம். ஏமாற்றி முடிபோட ஒரு பாதிரியார் கிடைப்பார்தான். கீர்யா வளர்ந்து, யார் இவர் என்று கேட்டால் நான் எந்தப் பெயரைச் சொல்ல? அவரை எதற்காகக் கொன்றீர்கள் வலெரியான்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது கண் முன்னால் நடக்கிறது. நிக்கானோரின் மனைவி ஃபெக்லாவுக்கு இப்போது கிணற்றடியில் யாரும் இடம் விடுவதில்லை. இரண்டு பிள்ளைகளோடு ஆற்றுக்கே போய்ப் பனியை உடைத்துத் தண்ணீர் எடுக்கிறாள். போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் போனால் நானும் வருகிறேன். சேர்ந்தே நிற்போம்.

உல்யானா


பிப்ரவரி 12

உல்யானா,

உனக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் இப்படி எழுதியிருக்க மாட்டாய்.

யாரும் எங்கும் போய் எதையும் சொல்லப் போவதில்லை. ஊர்ப்பேச்சு அடங்கும்வரை விடுப்பில் கசானுக்குப் போகிறேன். நிக்கானோரின் வழக்கு வசந்தத்தில் வருமாம். சைபீரியாவுக்கு அனுப்புவார்கள், ஊர் மறந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வை. உன் நவம்பர் கடிதம் என்னிடம் இருக்கிறது. மிரட்டவில்லை. அதை எரிக்க எனக்கு மனம் வரவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் என்னை ஆற்றில் தள்ளினால் நீயும் நனைவாய்.

பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வா. மணமுடி எதற்கு, அது இல்லாமல் ஊரில் பாதிப்பேர் வாழவில்லையா? கசான் தலைமைத் தபால் நிலையத்துக்கு என் பெயருக்கு எழுது. ஒவ்வொரு நாள் காலையும் நானே போய்க் கேட்பேன். நீ வரும் நாளை எழுது, அது போதும். உன் எழுத்தைப் பார்க்காத நாள் எனக்கு நாளில்லை.

வ.


பிப்ரவரி 22

வலெரியான்,

இதைச் சிறையிலிருந்து எழுதுகிறேன். விசாரணை அதிகாரி நல்லவர். மேசையும் மையும் கொடுத்தார்.

பதினெட்டாம் தேதி மன்னிப்பு ஞாயிறு. நான் போகாமல் இருந்திருக்கலாம், விதவையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாமியார் விடவில்லை. "நாளைக்கு நோன்பு. வருஷத்துப் பகையத் தலையில வெச்சுக்கிட்டு நோன்புக்குள்ள நுழையக் கூடாது" என்றாள். கோயிலில் ஒருவர் முன் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் சின்னவர், எஜமான் வேலைக்காரன் என்றில்லாமல் எல்லோரும். நானும் கீர்யாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு குனிந்து குனிந்து நிமிர்ந்தேன். உதடு தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போது கூட்டம் விலகியது. ஃபெக்லா வந்தாள். குனியவில்லை, நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தாள்.

"எஜமானியம்மா, எம் புருஷனுக்காக விழுறேன். அவரு செஞ்சாரா இல்லையான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா அவரு நட்ட கொப்பு, அதப் பாத்துத்தான எஜமான் போனாரு. அந்தப் பாவம் எங்க வீட்டோடதுதான். மன்னிச்சிருங்க."

இதற்கு ஒரே பதில்தான் உண்டு. கடவுள் மன்னிப்பார், நீயும் என்னை மன்னித்துவிடு. குழந்தைகூடச் சொல்லும். ஊரே என் வாயைப் பார்த்தது. மாமியார் முதுகில் தட்டி, "சொல்லிருடி, அவளும் பாவம்" என்றாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதைச் சொல்கிறாள். எனக்கோ முதல் பாதி வாயில் வரவில்லை. அவளை மன்னிக்க நான் யார்? இரண்டாம் பாதிதான் வந்தது. பிள்ளையை அணைத்தபடியே நானும் தரையில் முழந்தாளிட்டேன்.

"நீ என்னை மன்னிச்சிரு ஃபெக்லா. உன் புருஷன் கொப்ப ஒழுங்காத்தான் நட்டான். புடுங்கி மாத்தி நட்டது வேற ஆள். எம் புருஷன் சாகணும்னு ஆசப்பட்டவ நான்."

மாமியார் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. என் கையிலிருந்து கீர்யாவை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

"அந்த வேற ஆள் யாரும்மா?" என்று அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் சொல்லவில்லை. உங்கள் பெயரை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை யாருடையது என்று தெரியாமல் நிக்கானோரை விட முடியாது என்றார். ஃபெக்லா சிறை வாசலிலேயே கிடந்தாள். நேற்றுச் சொல்லிவிட்டேன். இன்று காலை அவனுக்குச் சங்கிலி கழற்றினார்கள்.

நிக்கானோருக்காகச் சொன்னேன் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அது பாதி உண்மை. உங்களிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை, மீதியையும் சொல்கிறேன். என்னை எப்படியும் சைபீரியாவுக்கு அனுப்புவார்கள். நான் அந்தப் பாதையில் நடக்க, நீங்கள் கசானில் இன்னொரு வீட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. உங்களை வெறுத்திருந்தால், ஓடிப் பிழைக்கட்டும் என்று விட்டிருப்பேன். வெறுக்க முடியவில்லை. சவ்வாவைக் கொன்ற கை என்று தெரிந்தும், அந்தக் கை பக்கத்தில் வேண்டும் என்றே இருக்கிறது. என்னைப்போல் ஒருத்தியைக் கடவுள் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

நான் வரும் நாளைக் கேட்டிருந்தீர்கள். நான் வரவில்லை. நீங்கள்தான் வரப்போகிறீர்கள். இந்தக் கடிதத்தைத் தபால் நிலையச் சன்னல் வழியாக நீட்டியவர் தபால்காரர்தான். உங்கள் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் கடிதம் வாங்க வந்தவர் இல்லை. இதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, அவரோடு அமைதியாக வந்துவிடுங்கள்.

உல்யானா