ஏழ்சுனைக் கோட்டையில் அச்சத்தாழிகள் திறந்தமை

வளம் சூழ்க. கடலும் மலையும் காவல் நிற்கும் தாழைநாட்டில் நெடுங்குடை நிழற்றும் கோமான் மழைமுக அரையர் திருவாய் மலர்ந்தருள, அதைச் செவியில் பாதியும் ஊகத்தில் பாதியுமாக வாங்கி, ஓலைநாயகம் ஆதிச்சன் என்னும் கிழவன் எழுதுவது: நெல்லும் நீரும் குறையாத கொன்றையூரை ஆளும் கண்டன் அமுதனார்க்கும், அவர் மனையார்க்கும், அவர் தொழுவத்துப் பசுவுக்கும் கன்றுக்கும் நலமே பெருகுக.

தங்கள் தமக்கையின் கணவரும் ஏழ்சுனைக் கோட்டையின் பெருங்காவலருமான நக்கன் பூதியார், தம்மைப் பதவியினின்று நீக்கித் தங்களை அமர்த்துமாறு கோமானுக்கு விண்ணப்பம் விடுத்ததும், அது கேட்டுத் தாங்கள் பல்லக்குக்குப் புதுப்பட்டு தைக்கக் கொடுத்ததும் அரண்மனை அறியும். பூதியார் அவ்வாறு வேண்டியது எதனால் என்பதைப் பிறர் வாயால் கேட்டுத் தாங்கள் சிரிக்குமுன், அந்நாளில் கோட்டைக்குள் மூட்டுவலியோடு முடங்கிக் கிடந்து யாவும் கண்ட இக்கிழவன் எழுத்தால் அறிவதே முறை.

மேற்கரையார் கோட்டையை வளைத்தபோது, கோடையும் அவர்களிடம் கூலி வாங்கியதுபோல் உடன் வந்தது. சுனைகள் ஏழும் வற்றின. சுனைத் தவளைகள் வரிசையாக வந்து வெளியே போக விடை கேட்க, முற்றுகைக் காலத்தில் எவரையும் விடலாகாது என்று வாயிற்காவலன் மறுத்துவிட்டான். இதை மிகை என்று தள்ளற்க. வாயிற்காவலன் இன்னும் உயிரோடிருக்கிறான்.

நம் நாட்டு வழக்கம் தாங்கள் அறிந்ததே ஆயினும், அறிந்ததை மீண்டும் அறிவிப்பதே ஓலைக்கு அழகு. அச்சம் கொண்டவர் மண்தாழியின் வாயில் முகம் வைத்து அவ்வச்சத்தைச் சொல்லி, சொன்ன சூடு ஆறுமுன் ஈரக்களிமண்ணால் மூடி, தம் முத்திரை பதித்துக் கோட்டை நிலவறையில் வைத்துவிடுவார். அதன்பின் நெஞ்சு உரமாகிவிடும் என்பது நம்பிக்கை. மூடியவரே திறக்கவேண்டும், அதுவும் உள்ளே சொன்னதை ஊரறிய உரக்கச் சொல்லித் திறக்கவேண்டும், சொல்லாது திறந்தால் அடைபட்ட அச்சம் ஊர் முழுவதையும் பற்றும் என்பர்.

மக்கள் நெஞ்சு தளரலாகாது எனப் பூதியார் அனைவரையும் தாழி மூடுமாறு பறையறைவித்தார். தண்ணீரே இல்லாத ஊரில் பாத்திரம் எதற்கு என்று தாழியும் குடமும் சட்டியும் சுனையடிச் சேற்றால் மூடப்பட்டு நிலவறைக்குப் போயின. ஒருத்தி அகப்பைக் குழியில் சிறியதோர் அச்சத்தை அடைத்து வந்தாள். அதன்பின் எல்லோரும் அஞ்சாதவராகவே நடந்தனர். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நடந்தனர். பூதியார் மதில்மேல் மீசை முறுக்கி உலவுவார். அம்மீசையின் நிழலில் வில்வீரர் சிலர் இளைப்பாறியதை இக்கிழவன் கண்ணால் கண்டதுண்டு. கண்ணில் அப்போது தூசியும் இருந்தது.

ஒரு பிற்பகல் மழை கொட்டியது. மக்கள் வாய் திறந்து குடித்தனர், உள்ளங்கையில் ஏந்தினர். நாளைக்கென்று பிடித்து வைக்க ஒரு கிண்ணமும் இல்லை. மலைமேல் பெய்தது, வெயிலில் வெடித்த சுனைகளிலும் பாறையிலும் நில்லாது வழிந்து, கீழே மேற்கரையார் பாளையத்துக்கே போயிற்று. அவர்கள் அண்டா அண்டாவாகப் பிடித்து, மேலே பார்த்து ஒரு கும்பிடும் போட்டனர்.

எல்லோரும் நிலவறைக்கு ஓடினர். ஓடியவர், உள்ளே சொன்னதை ஊரறியச் சொல்ல நாணித் தத்தம் தாழிமுன் நின்றனர். பெருங்காவலர் முதலில் திறக்கட்டும் என்றார் ஒருவர். அவருக்கு ஏது தாழி என்றார் மற்றவர். நிலவறைக்குள் ஓர் உள்ளறை உண்டு. அதன் சாவி பூதியார் இடுப்பில் இருந்தது. அவர் அதைத் தொட்டார், விட்டார், மீண்டும் தொட்டார்.

இந்த மழை நின்று தொலையாதா என்று தாம் அப்போது வேண்டிக்கொண்டதாகப் பூதியார் பின்னர் இக்கிழவனிடம் சொன்னார். நாக்கு வறண்டு கிடந்த மக்களின் காவலர், தம் மானம் நனையாதிருக்க வானம் வறளவேண்டும் என்று வேண்டினார். அவருக்கு இன்றும் ஆறாத வெட்கம் அதுவே. அடுத்து நடந்ததெல்லாம் அதற்கு இளையது.

மழை நிற்கவில்லை. அவர் கதவைத் திறந்தார். தரைமுதல் கூரைவரை தாழிகள். எல்லாவற்றிலும் பூதியாரின் பன்றிக்கொம்பு முத்திரை. நெல்குற்றும் உலகி எட்டிப் பார்த்துக் கூறியதை, ஓலைக்குத் தகாதாயினும், அவள் வாய்மொழியாகவே எழுதுகிறோம்: “அட சாமி, இத்தனையும் உம்முதா? நாங்க உம்ம மீசையப் பாத்துல்ல தெம்பா இருந்தோம்!”

பூதியார் மேலாடையை இடுப்பில் வரிந்து கட்டினார். முதல் தாழியை முற்றத்துக்குச் சுமந்துபோய், மேற்கரையார் முரசு கேட்டால் தமக்குக் கட்டிலடியில் புகத் தோன்றுகிறது என்று உரைத்து, களிமண்ணைப் பெயர்த்து மழையில் வைத்தார். இரண்டாவதில் வாத்தைக் கண்டால் அஞ்சுவதாக உரைத்தார். “வாத்துக்கா!” என்று படைவீரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டனர். மூன்றாவதில் மைத்துனர் கண்டன் அமுதனார் தம்மை எள்ளி நகைப்பாரோ என்று நெடுங்காலமாக அஞ்சுவதாக உரைத்தார். தங்கள் திருப்பெயர் இவ்வாறு முற்றத்தில் ஒலித்தமை பொறுத்தருள்க. தாழி தாழியாக அச்சங்கள் வந்தன. அவர் காது சிவந்து, கழுத்து சிவந்து, மீசை நனைந்து தொங்கிற்று.

கடைசித் தாழியை நெடுநேரம் கட்டிக்கொண்டு நின்றார். பின்பு, கோட்டைக் கதவைத் தாமே திறந்துவிட்டு உயிர்தப்பி ஓடிவிடுவோமோ என்று தமக்குத் தம்மீதே அச்சம் என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நிறையும் தாழிகளின் ஓசை மட்டும் கேட்டது.

உலகிதான் அசைந்தாள். “அந்தத் தாழி எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. தள்ளி நில்லும், தண்ணி வீணாப் போவுது” என்றாள்.

பிறகு அங்கே எழுந்த கூச்சல் சொல்லில் அடங்காது. சமையற்காரன் கத்தினான், குதிரைக்காரன் கத்தினான், வில்வீரர் ஒருவர் அச்சத்தைக் கேட்டு மற்றவர் “டேய், என்னுதும் அதேதான்டா” என்று கட்டிக்கொண்டனர். கீழே மேற்கரையாரும் இவ்வோசை கேட்டுத் தங்கள் அச்சங்களைக் கூவத் தொடங்க, அவர்கள் தலைவன் அடக்கப் பெரும்பாடு பட்டதாக ஒற்றர் கூறுவர்; ஒற்றர்க்குக் கூலி கொடுத்தாயிற்று, ஆதலால் அது உண்மையே. அந்நீரைக் கொண்டு, கோமானின் படை வந்து முற்றுகையைக் கலைக்கும் வரை கோட்டை தாங்கியது.

ஆயினும் பூதியார் அன்றுமுதல் சுவரைப் பார்த்தே உண்கிறார். தெருவில் எவரேனும் வணங்கினால் வேறு தெருவில் திரும்புகிறார். மழை நிற்குமாறு வேண்டிக்கொண்ட மனிதன் காவலனாய் இருக்கத் தகான் என்று எழுதி, பன்றிக்கொம்பு பொறித்த பதவி மோதிரத்தையும் கழற்றி அனுப்பினார். கோமான் அதைத் திருப்பி அனுப்பினார், பூதியார் வாங்கவில்லை. உலகி வாங்கிச் சென்று, “விரல நீட்டும்” என்றாள். அவர் முகம் சுவர்ப்பக்கமே இருந்தது. விரல் மட்டும் நீண்டது.

ஆகவே கோமான் ஆணை இது. நக்கன் பூதி பெருங்காவலராகவே இருக்க. தலை நிமிராதாயின் குனிந்தபடியே காக்க. காவலர் கழுத்து இன்ன அளவு நிமிர்ந்திருக்க வேண்டும் என்று தாழைநாட்டில் சட்டம் இல்லை. இனி எக்கோட்டையிலும் தாழிகளுக்குக் களிமண் மூடி இடலாகாது. கண்டன் அமுதன் பல்லக்கு ஒழித்து நடந்தே ஏழ்சுனைக் கோட்டை சென்று, பூதியின்கீழ் துணைக்காவலராய்ப் பணி ஏற்க. அங்கே சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்க. பூதியின் முகத்துக்கு நேரே சிரிக்க. அதற்காகவேனும் அவர் சுவரை விட்டுத் திரும்பட்டும்.

பன்றிக்கொம்பு பொறித்த மோதிரம் எவர் விரலில் உளதோ அவர் சொல்லே அக்கோட்டையில் கோமான் சொல் எனக் கொள்க. நெடுங்குடை இலச்சினை இட்டு, மஞ்சள்நூல் சுற்றி விடுத்தோம். கண்டதும் புறப்படுக.