தாடிக்காரன் விட்டுவிட்டான்

நேற்றுப் பின்னேரம் முழங்காலுக்கு வலி எண்ணெய் பூசினேன். உங்கள் அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த போத்தல்தான். அதன் மணம் வந்தால் நீங்கள் வேலையால் வந்து கதவடியில் சப்பாத்துக் கழற்றுவது போலவே இருக்கும், அதனால் இவ்வளவு நாளும் தொடாமல் வைத்திருந்தேன். நேற்று நோ தாங்க முடியவில்லை. பூசிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் ரீவியில் உங்கள் தாடிக்காரன். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்றாம், கையில் ஒரு தடி. பேட்டி எடுத்த பெண்ணிடம், இனி ரெஸ்லிங் ரிங்குக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொன்னான். இந்த முறை உண்மைதான் போல. எண்ணெய்க் கையோடு அப்படியே இருந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வேறு யாருக்குச் சொல்ல?

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்த காலத்திலேயே அவன் ரீவி வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டான். அப்போது மெலிந்த பெடியன், நல்லவன் வேஷம். உங்களுக்கு இங்கிலீஷ் பிடிபடாத நாட்கள். "உதுக்கு இங்கிலீஷ் என்னத்துக்கு? ஆர் ஆருக்குப் பின்னாலை நிண்டு அடிக்கிறான் எண்டு பாத்தாத் தெரியாதே" என்பீர்கள். ஒரு சனிக்கிழமை அவனே தன் கூட்டாளியைப் பின்னால் நின்று இரும்பு மடக்குக் கதிரையால் அடித்தான். அன்றிலிருந்து கெட்டவன். தாடி வளர்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ச் சனத்திடம் ஏச்சு வாங்கினான். எல்லாம் நடிப்புத்தானே என்று நான் பகிடி பண்ணினால் உங்களுக்குக் கோபம் வந்துவிடும். "நடிப்புத்தான். ஆனா விழுறது பலகையிலை. அதை ஆர் நடிக்கிறது?" என்று கேட்டீர்கள். வருடக்கணக்காக ஏசிய சனம் கடைசியில் அவனுக்கே கைதட்டத் தொடங்கியபோது, உங்களுக்கு ஏதோ பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

அவனுக்கும் உங்களுக்கும் ஒரே வயது என்று எங்கேயோ கேள்விப்பட்டு வந்தீர்களே, அன்றைக்குத்தான் என் வினை தொடங்கியது.

மல்வேர்னுக்கு வீடு மாறினோம், மகளும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். நீங்கள் மட்டும் வந்த நாளிலிருந்து போன அதே பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுத் தூக்கிக்கொண்டு இருந்தீர்கள். தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. டொக்டர் சொன்னார், மகள் சொன்னாள், சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்தது. ஒருநாள் ரீவியைக் காட்டி, "அவன் விடுற அண்டைக்கு நானும் விடுறன்" என்றீர்கள். அலுப்புத் தாங்காமல் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, நீங்கள் அதைச் சத்தியம் மாதிரி வைத்திருக்கிறீர்கள் என்று.

சரி என்று நான் அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமைகளில் மற்றச் சனம் பிள்ளைக்குக் கலியாணம் சரிவர வேண்டும், வயிற்றுக் குத்து மாற வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்தும். நான் ஒரு அமெரிக்கன் தோற்று வீட்டுக்குப் போக வேண்டும் என்று கொளுத்தினேன். யாருக்கு நேர்த்தி என்று சுவாமியார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

அந்தோனியார் கைவிடவில்லை. தாடிக்காரன் ஒரு இளம் பெடியனிடம் தோற்றான். ரிங்கின் நடுவில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டுக் காலுறையோடு நடந்து போனான். "விட்டிட்டுப் போறவை அப்பிடித்தான் வைக்கிறது. அது அவையின்ரை முறை" என்று எனக்கு விளக்கினீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். அடுத்த கிழமையே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தீர்கள், தொழிற்சாலையில் கேக் வெட்டி அனுப்பினார்கள்.

அந்த ஒரு பனிக்காலம் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். வேலைக்குப் போகிற நேரத்துக்கே எழும்பித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு யன்னலடியில் இருப்பீர்கள். உங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் போகும். பக்கத்து வீட்டுக்காரரின் பனியையும் சேர்த்து வழிப்பீர்கள். மோலில் மற்ற அங்கிள்மாரோடு இருந்துவிட்டு முகம் வாடி வந்து, "எல்லாம் வருத்தம், மருந்துக் கதைதான்" என்பீர்கள். நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். மனிசன் வீட்டில் இருக்கிறதே, எனக்கு அது போதும்.

பனி கரைந்த கையோடு அவன் திரும்பி வந்தான். அவனுடைய பாட்டுக் கேட்டது, சனம் எழும்பிக் கத்தியது, புதுச் சப்பாத்தோடு ஓடி வந்தான். நீங்கள் சோபாவிலிருந்து துள்ளி எழும்பினீர்கள்.

"பாத்தீரே, வந்திட்டான்."

"அவனுக்கு விசர். உங்களுக்கு என்ன?"

"அவன் விட்டாத்தானே நான் விடுறதெண்டு சொன்னனான்."

கெஞ்சினேன், ஏசினேன். ஒன்றும் சரிவரவில்லை. நீங்கள் பழையபடி அதே பஸ்ஸில் ஏறிப் போனீர்கள். நான் அந்தோனியாரோடும் கோபித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மாரியில் பாண் தட்டோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டீர்கள். ஆசுபத்திரியில் கண் விழித்ததும் டொக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, எப்போது வேலைக்குப் போகலாம் என்பது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்றாடவும் இனிச் சீவன் இல்லை என்று இருந்தது. அவர் போனதும் உங்கள் காதடியில் குனிந்தேன்.

"இஞ்சேருங்கோ, தாடிக்காரன் விட்டிட்டானாம். நியூஸிலை சொன்னவை."

அப்படி ஒரு நியூஸும் வரவில்லை. நீங்கள் என் முகத்தைக் கனநேரம் பார்த்தீர்கள்.

"முழுசாவோ?"

"ஓம், முழுசா."

"அப்ப சரி. நானும் விடுறன்."

நான் வெளியே போய்ச் சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன். வென்றுவிட்டேன் என்ற சந்தோஷம். அந்தக் கிழமை முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

நினைவுப் பூசை முடிந்து வந்து சட்டிபானைகளைக் கழுவும்போது, அப்பாவைக் கடைசி நேரத்தில் பொய் சொல்லிப் பேக்காட்டிப்போட்டேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் தண்ணீரை நிற்பாட்டினாள்.

"இல்லை அம்மா. அப்பாக்குத் தெரியும். அப்பா விழுந்த அண்டைக்குக் காலமை, வேலைக்குப் போக முந்தி நான்தான் ஃபோனிலை காட்டினனான், அடுத்த மாசம் அவனுக்கு மாட்ச் இருக்கெண்டு. ஹி வாஸ் சோ ஹாப்பி."

அதன் பிறகு அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முழுசாவோ என்று ஏன் கேட்டீர்கள்? பொய் என்று தெரியும். ஒரு வார்த்தையில் என்னைப் பிடித்திருக்கலாம், வழக்கம் போலப் பகிடியும் பண்ணியிருக்கலாம். நேற்று அவன் உண்மையாகவே விட்டபோது எனக்கு ஆறுதல் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவன் விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? அன்றைக்கு நீங்கள் விட்டது அவனைப் பார்த்து அல்ல. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நான் எவ்வளவு களைத்துப் போய்விட்டேன் என்று பார்த்துவிட்டுத்தான் விட்டீர்கள்.