சபாநாயகர் உங்கள் பெயரை அழைத்தபோது

இன்று காலை புதூர்நாட்டிலிருந்து பலாப்பழம் வந்தது. கூடம் முழுக்க அதன் வாசனை. நீங்கள் போய் இத்தனை ஆண்டுகளாகியும் உங்களுக்கு நன்றி சொல்ல வரும் பழம். வாசனை ஏற ஏற எனக்கு எரிச்சலும் ஏறியது.

சீனப் போரின்போது நீங்கள் நாடாளுமன்றத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருந்தீர்கள். மற்றவர் பேசும்போது மேசையைத் தட்டினீர்கள். ஒரே ஒருமுறை எழுந்து, ஜவ்வாது மலைத் தேனை எல்லைக்கு அனுப்பினால் வீரர்களுக்குக் குளிர் தெரியாது என்றீர்கள். சபை சிரித்தது. "பார்த்தியா, எதிர்க்கட்சிக்காரன்கூட ரசிச்சான்!" என்றீர்கள். பார்வையாளர் மாடத்தில் இருந்த எனக்குச் சிரிப்புக்கும் ரசனைக்கும் வேறுபாடு தெரியாதா?

அப்போதுதான் புதூர்நாட்டுக் காளியம்மா ஜவ்வாது மலையிறங்கி நம் வீட்டுக்கு வந்தாள். பட்டாளத்துக்குப் போன மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. "உசிரோட கீறானா இல்லையா, அத்த மட்டும் கேட்டுச் சொல்லு சாமி." நீங்கள் தலையாட்டிவிட்டுச் செய்தித்தாளை விரித்தீர்கள். நான் அவளை எதிரில் உட்கார வைத்து, பையனின் படைப்பிரிவு, அவன் கடைசியாகத் தகவல் அனுப்பிய ஊர் என ஒவ்வொன்றாகக் கேட்டு, சபைக்கான கேள்வியை ஆங்கிலத்தில் எழுதினேன். தகவல் சேகரிக்கிறோம் என்று அமைச்சர் மழுப்புவார். அதற்கு ஒரு துணைக்கேள்வியும் எழுதி உங்கள் சட்டைப்பையில் வைத்தேன்.

உறுப்பினர் இருக்கையில் இருந்தால்தான் துணைக்கேள்வி கேட்க முடியும். சபாநாயகர் உங்கள் பெயரை அழைத்தார். மறுபடியும் அழைத்தார். இருக்கை காலி. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நீங்களோ வெளியே, போர் நிதிக்கு மோதிரம் கழற்றித் தருவதுபோலப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அதுவும் என் அப்பா போட்ட மோதிரம். எழுத்தில் வந்த பதில் நான் எதிர்பார்த்ததேதான்: தகவல் சேகரிக்கப்படுகிறது. மடக்க ஆளில்லை.

தொகுதிக்குத் திரும்பியதும் கலசப்பாக்கம் மேடையில், "நம் மலைமகனுக்காக முழங்கினேன்!" என்றீர்கள். காளியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னா பதில் சொன்னாங்க சாமி?"

"எல்லாரும் கை தட்டினாங்கம்மா!"

உங்களுக்கு மாலை விழுந்தது.

பையன் வரவில்லை. தகவலும் வரவில்லை. பலாப்பழம் மட்டும் ஆண்டு தவறாமல் வந்தது. நீங்கள் கூசாமல் சுளை சுளையாகத் தின்றீர்கள்.

இன்று அதைக் கொண்டுவந்தவள் காளியம்மாவின் மகள். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. சொல்லிவிட்டேன்: "உங்கண்ணனுக்காக அவர் அன்னிக்கு வாயே திறக்கலை. இனிமே பழம் வேண்டாம்."

அவள் சிரித்தாள். "அது எங்கம்மாவுக்கு அன்னிக்கே தெரியும்மா. பதிலு இன்னான்னு கேட்டா, கை தட்டினாங்கன்றாரு! அவருக்கா பழம்? குந்த வச்சி அண்ணனப் பத்தி ஒண்ணொண்ணா கேட்டீங்களே, உங்களுக்கும்மா."

ஆக, அதுவும் உங்களுடையதல்ல. உயிரோடு இருந்தவரை என் பழத்தைத் தின்றிருக்கிறீர்கள்.

உங்கள் சட்டைப்பையோடு சலவைக்குப் போன அந்தத் துணைக்கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம். அவள் புறப்படும்போது தமிழில் சொன்னேன்: "சேகரித்த தகவலை அவனுடைய தாயிடம் யார், எப்போது சொல்வார்கள்?"

வாசலில் நின்றவள், "இன்னொரு தபா சொல்லுங்கம்மா" என்றாள். சொன்னேன்.