மடிப்புக் கலையாத பொன்னாடை

அண்ணே,

நாளைக் காலை கன்பராவுக்குப் புறப்பட வேண்டும். சாப்பாட்டு மேசையில் என் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ரயில் அட்டை, தலைவலி மாத்திரை, என்றோ வாங்கிய மிட்டாய், எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் பொன்னாடை. பிளாஸ்டிக் உறையைக் கொஞ்சம் பிரித்ததும் மீன் ரோல்ஸ் பொரித்த எண்ணெய் வாசம் வந்தது. இத்தனை நாளாகியும் எப்படி வரும்? என் மூக்குதான் பொய் சொல்கிறதோ என்னவோ. என் மகள் எட்டிப் பார்த்து, "ஸ்டில், அம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆமாம், இன்னும்தான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

நான் வேலை செய்யும் செனட்டர் அலுவலகத்துக்கு நீங்கள் முதல்முறை வந்தபோதும் கையில் ரோல்ஸ் பொட்டலம் இருந்தது. எங்கள் செனட்டர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பெண்மணி. விசா, வாடகை, மின்கட்டணம் என்று மனிதர்கள் சுமந்து வருகிற கவலைகளைக் கேட்டு எழுதி அவர் மேசைக்கு அனுப்புவது என் வேலை. அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று நான் கறாராகச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "இது லஞ்சம் இல்லைத் தங்கச்சி, சாப்பாடு. சூடாறினா நல்லா இராது." நான் முறைத்ததைப் பார்த்துவிட்டு, "இந்தியாவோ?" என்றீர்கள். "ஆமா, மதுரை" என்றேன். "அதுதானே பாத்தன். உங்கட தோசைதான் மெல்லிசு, கோவம் நல்ல தடிப்பு." நான் சிரித்துத் தொலைத்தேன். அதோடு என் கறார் போயிற்று.

உங்கள் கதை எனக்குப் புதிதல்ல. படகில் வந்தவர்கள் எத்தனையோ பேரின் கதைதான். வவுனியாவில் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு வந்தீர்கள். மகளுக்கு அப்போது பால்பல் கூட விழவில்லை. இங்கே உங்களிடம் இருந்தது பிரிட்ஜிங் விசா. இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப முடியாது, குடும்பத்தையும் அழைக்க முடியாது. டூங்கபிப் புறநகரில் நான்கைந்து ஆண்கள் சேர்ந்து இருந்த வீட்டில் உங்களுக்கும் ஒரு தம்பிக்கும் ஓர் அறை. முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. பல்லில்லாத வெள்ளைக்காரக் கிழவர்களுக்குக் கேரட்டை மசித்துக் கொடுத்துக்கொண்டே மகள் வளர்ந்ததைப் போனில் பார்த்தீர்கள். வீடியோவில் வரும்போதெல்லாம் தொப்பி போட்டுக்கொள்வீர்கள். "இங்க சரியான குளிர் எண்டு பிள்ளைக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்" என்பீர்கள். ஜனவரி வெயிலிலும் அந்தத் தொப்பி இருந்தது. நரை தெரியக் கூடாது என்பதற்கு இத்தனை பாடு.

உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகளை நேரில் பார்க்க வேண்டும். அதற்கு நிரந்தர விசா வேண்டும். வேறெதுவும் நீங்கள் எங்களிடம் கேட்டதில்லை.

செனட்டர் இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேச முடிவு செய்தபோது உங்களை நேரில் அழைத்தார். "நான் என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். நீங்கள் உங்களைப் பற்றித் தொடங்குவீர்கள் என்று நாங்கள் இருவரும் பார்த்தால், "முதல் வீட்டு வாடகையைச் சொல்லச் சொல்லுங்கோ" என்றீர்கள். "எங்கட பக்கத்து வீட்டுப் பொம்பிளை ரெண்டு பிள்ளையளோட காருக்குள்ள படுக்குது. பிறகு அந்த இல்லத்துச் சனத்தைச் சொல்லோணும். பெத்த பிள்ளையள் ரெண்டு வேலை செய்யினம், வந்து பாக்க நேரமில்லை. என்ர கதையைக் கடைசியில சொன்னாக் காணும்." உங்கள் 'காணும்' என்பதைப் 'போதும்' என்று மொழிபெயர்த்தேன். செனட்டர் அதே வரிசையில் குறித்துக்கொண்டார்.

பேசும் நாள் முடிவானதும் நீங்கள் செய்த ஆர்ப்பாட்டம் இருக்கிறதே! லீவு போட்டீர்கள். அறைத் தம்பியிடம் கோட் இரவல் வாங்கினீர்கள். கன்பரா போகிற வழியெல்லாம் காருக்குள் ரோல்ஸ் வாசம். மடியில் ஒரு உறையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தீர்கள். என்ன என்று கேட்டால், "பொன்னாடை. வேறென்ன?" என்கிறீர்கள். மாம்பழ மஞ்சளில் அகலமான சரிகை. "அங்க கதிரையெல்லாம் சிவப்பெல்லோ, டிவியில பாத்தனான். சிவப்புப் போட்டா எடுப்பா இராது."

அவைக்குள் அதையெல்லாம் போட முடியாது என்று அப்போதே உங்களிடம் சொல்லியிருப்பேன். ஆனால் டூங்கபி மண்டபத்தில் யார் மேடையேறினாலும் ஒருவர் சால்வையோடு ஓடி வருவதைப் பார்த்துப் பழகிய எனக்கே, அந்தப் பொன்னாடை பெரிய தப்பாகப் படவில்லை. பையோடு வைத்துவிடுவார்கள், பிறகு அலுவலக அறையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பார்வையாளர் மாடத்துக்குப் போகும் வாசலில் பைகளை வாங்கி வைத்தார்கள். ரோல்ஸும் பையோடு போனது. பொன்னாடை மட்டும் உங்கள் கோட்டுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

மதியச் சாப்பாட்டு நேரம். கீழே சிவப்பு இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலி. தலைமை இருக்கையில் ஒருவர், ஆளுங்கட்சிப் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு ஒருவர், அப்புறம் எங்கள் செனட்டர். அவ்வளவுதான். நீங்கள் என் காதருகே குனிந்தீர்கள். "ஆக்கள் எல்லாரும் சாப்பிடப் போட்டினமோ?"

"இந்த நேரத்துப் பேச்சுக்கு இப்படித்தாண்ணே, யாரும் வர மாட்டாங்க."

"அப்ப ஆருக்குக் கதைக்கிறா?"

"எல்லாம் பதிவாகும்."

"பதியிறது சரி. ஆரும் கேக்க வேணுமெல்லோ!"

செனட்டர் வாடகையில் தொடங்கினார். காருக்குள் தூங்கும் தாயைச் சொன்னார். மசித்த கேரட்டைச் சொன்னார். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தீர்கள். கடைசியில், மகளைக் குழந்தையாக விட்டுவந்த ஒரு சமையல்காரரைப் பற்றிச் சொல்லி, "அவர் இன்று இந்த அவையின் மாடத்தில் அமர்ந்திருக்கிறார்" என்று மேலே கை காட்டினார்.

நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள்.

கோட்டுக்குள்ளிருந்து பொன்னாடையை உருவி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு! எனக்கு உயிரே போய்விட்டது. மாடத்து ஊழியர், வயதான மனிதர், வேகமாக வந்தார். உட்காரும்படி அவர் கையசைத்ததை, வந்து அழைத்துப் போகிறார் என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள். விழாக்களில் பெயரைச் சொன்னால் ஒருவர் வந்து கைப்பிடித்து மேடைக்குக் கூட்டிப் போவாரே, அதேபோல. அவரை நோக்கிப் படியில் இறங்கத் தொடங்கினீர்கள். "மேடைக்கு எந்தப் பக்கத்தால இறங்கிறது எண்டு கேளுங்கோ தங்கச்சி." நான் உங்கள் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அந்த மனிதர் நல்லவர். உங்கள் முகத்தைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல், பொன்னாடையின் ஒரு முனையை எடுத்து, மடிக்க உதவி செய்தார். கீழே போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் ஒருமுறை தலைநிமிர்ந்தார்.

செனட்டரின் அறையில்தான் பொன்னாடை போட்டீர்கள். அவர் நல்ல நெட்டை, முழங்கால் மடக்கிக் குனிந்தார். பிறகு எங்கே கற்றாரோ, அதைக் கழற்றி உங்கள் தோளில் போட வந்தார். நீங்கள் இரண்டடி பின்னால் போய்க் கைகூப்பினீர்கள். "இப்ப வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. விசா கிடைச்ச பிறகு போடட்டும். அண்டைக்கு வாங்கிறன்." நான் சொன்னதும் செனட்டர் அதை அவரே மடித்து என்னிடம் தந்து, "அந்த நாள் வரை பத்திரமாக வைத்திரு" என்றார். நான் பையில் வைத்தேன். பிறகு எல்லோரும் ஆறிப்போன ரோல்ஸ் சாப்பிட்டோம். காரில் திரும்பும்போது, காலியான கதிரைகளைப் பற்றி நான்தான் புலம்பிக்கொண்டு வந்தேன். நீங்கள் வெளியே பார்த்தபடி, "நான் கேட்டனான். அது காணும்" என்றீர்கள்.

அமைச்சரிடமிருந்து பதில் வந்தது. ஒவ்வொருவர் நிலையும் தனித்தனியாகப் பரிசீலிக்கப்படுமாம். பரிசீலனை! அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் வாரம் ஒருமுறை அலுவலகத்துக்கு வருவீர்கள். வாசலிலிருந்தே, "என்னவாம்?" என்பீர்கள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். "சரி, போட்டு வாறன்" என்று பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவீர்கள். அதற்குள் உங்கள் மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளையின் படத்தைக் காட்டி, "ஆள் எப்பிடி? மதுரைக் கண்ணால பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். "உங்களை விட அழகு" என்றேன். "அது பெரிய விசயமே?" என்றீர்கள்.

நெஞ்சில் குத்துகிறது என்று சொன்னபோது வாயு என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டீர்கள். வீட்டிலிருந்த தம்பிமார் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் வந்து சேர்ந்தபோது உங்கள் தொப்பி ஒரு கதிரையில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது, நீங்கள் போய்விட்டீர்கள் என்று. பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

இறுதிச் சடங்கில் உங்கள் மகளுக்கு வீடியோ பிடித்தது நான்தான். "அப்பாட முகத்தைக் கிட்டக் காட்டுங்கோ அன்ரி" என்றாள். காட்டினேன். தலையில் தொப்பி இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பாக்கு இவ்வளவு நரைச்சிட்டுதே" என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. என்னிடமிருந்து போனைத் தம்பி வாங்கிக்கொண்டார்.

செனட்டர் கடைசி வரிசையில் நின்றிருந்தார். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் என்னிடம் வந்து, "அந்தப் பொன்னாடை உன்னிடம் இருக்கிறதா? இப்போது போடலாமா?" என்று கேட்டார். பையில்தான் இருந்தது. நான் "வேண்டாம்" என்றேன். "விசா வந்த பிறகுதான் என்று அவர் சொன்னார்." என் முதலாளியிடம் அப்படி முகத்துக்கு நேரே மறுத்துப் பேசியது அதுதான் முதல்முறை. அவர் என்னைப் பார்த்தார், கண் கலங்கியது, தலையசைத்துவிட்டுப் போய் நின்றார். பக்கத்தில் இருந்த ஒருவர், "போட்டிருக்கலாம், ஒரு மரியாதைதானே" என்று முணுமுணுத்தார். எனக்கும் அந்த மரியாதை தெரியும். ஆனால் அதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டால், உங்களுக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டோம் என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை அண்ணே.

தெரிந்த குடும்பம் ஒன்று ஊருக்குப் போனபோது உங்கள் சாம்பலைக் கொண்டுபோனார்கள். சாம்பலுக்கு யாரும் விசா கேட்கவில்லை.

பொன்னாடையை அனுப்பட்டுமா என்று உங்கள் மகளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வேண்டாம் அன்ரி. அப்பா சொன்ன மாதிரியே இருக்கட்டும். அப்பாவோட இருந்த ஆக்களில ஆருக்கும் விசா வந்தா, அவைக்குப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. நான் அதைப் பாப்பன்." குரலில் நீங்களேதான். முதலில் பக்கத்து வீட்டுக்காரி, கடைசியில் தன் கதை.

உங்கள் அறைத் தம்பிக்கு இன்னும் பரிசீலனைதான். காருக்குள் படுத்த அந்தத் தாய்க்கு ஒரு வழியாக வீடு கிடைத்துவிட்டது, உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாளை மதியம் செனட்டர் மறுபடி பேசுகிறார். வாடகை, முதியோர் இல்லம், பிரிட்ஜிங் விசா, அதே வரிசை. நான் வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் லீவு போட்டேன். நீங்கள் போன பிறகு அவர் பேசும்போதெல்லாம் போகிறேன். கீழே கதிரைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. மேலே நான் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்கிறேன்.

பையை வாசலில் கொடுத்துவிடுவேன். பொன்னாடை என் கோட்டுக்குள் இருக்கும். செனட்டர் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. என்றைக்காவது அந்த அவையில் ஒருவர் எழுந்து, அவர்களுக்கெல்லாம் விசா கொடுத்தாயிற்று என்று சொல்லட்டும். அன்றைக்கு அந்த ஊழியர் வந்து கையைப் பிடித்தாலும் சரி, எந்தப் பக்கத்தால் என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன் அண்ணே, பொன்னாடையோடு இறங்கிப் போய்விடுவேன்.