வெட்டிக் கொடுத்த மாத்திரை

அப்பா,

நம் மருந்துக்கடையில் நீங்கள் வெட்டிக் கொடுத்த மாத்திரைதான் ஆதிமூலம் மாமாவின் காலைப் பறித்தது. நீங்களும் அம்மாவும் சுகமா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன மாதம் சேதராப்பட்டு கம்பெனியில் தகடு கிழித்து, சீழ் வைத்த காலோடு மாமா திங்கட்கிழமை எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். நர்ஸ் உடுப்பில் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஒங்கப்பாகிட்டதான் வாங்கனேன் பாப்பா. வலிச்சா ரெண்டு வேளைக்கு வாங்குவேன், நின்னா வுட்டுடுவேன்."

மூன்று வாரம் இப்படி அரைகுறையாகத் தின்றதில் கிருமிக்கு மருந்து பழகிவிட்டது. நாங்கள் ஏற்றிய எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் சீட்டும் கேட்காமல், ஐந்து நாள் மருந்தை இரண்டு வேளைக்கு வெட்டித் தருவது உதவி இல்லை அப்பா. போனில் சொன்னால், "ஆளுங்க நிக்கிறாங்கம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள்.

அம்மாவிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். மூலக்குளம் அறையில் தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

மாமாவுக்கு உங்கள் மேல் கோபமே இல்லை. ஊருக்கு வந்ததும் உங்களிடமே மாத்திரை வாங்கிக்கொள்வாராம். அவரிடம் நான் என்ன சொல்லட்டும்? பதில் எழுதுங்கள்.

கார்குழலி