ஹார்லன் வீக்ஸின் இரண்டாம் பாய்லர்

செப்டம்பர் 11, 1979. டூ ஹார்பர்ஸ் துறைமுகம், சுப்பீரியர் ஏரி

கப்பலின் இரண்டாம் பாய்லரில் மறுபடியும் ஒரு குழாய் ஒழுகுகிறது. இந்தப் பருவத்தில் இது ஒன்பதாவது. இரண்டு முனையிலும் அடைப்பு வைத்து அடித்தோம். அடைத்ததுபோக மீதிக் குழாய்களை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? மேலே துறைமேடையிலிருந்து இரும்புத்தாது உருண்டைகள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. பின்கட்டு முழுக்கச் சிவப்புத் தூசி. காப்பியிலும் தூசி.

கேப்டனுக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. முன்கட்டு அவன் ராஜ்ஜியம், பின்கட்டில் சீஃப் எஞ்சினியராக நானும் என் எஞ்சினும். நடுவில் நானூற்றைம்பது அடித் தளம். கேப்டன் கிளெம் ட்ரூடெல் என் தங்கை எல்மாவைக் கட்டியவன். ஒன்பது வருஷமாக ஒரே கப்பலில் இருக்கிறோம். மாசத்துக்குப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவன் மணியடிப்பான், நான் நீராவி கொடுப்பேன்.

செப்டம்பர் 13. சூ கால்வாய்

எங்களுக்கு முன்னால் ஓர் ஆயிரம் அடிக் கப்பல். நாங்கள் பன்னிரண்டாயிரம் டன் சுமக்கிறோம், அது அறுபதாயிரம். சரக்கை இறக்கக் கரையில் இயந்திரம்கூட வேண்டாம், அதன் வயிற்றுக்குள்ளேயே சரக்கை நகர்த்தும் பட்டை ஓடுகிறது. எங்கள் ஆட்கள் வரிசையாக நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

எங்கள் கப்பல் ஹார்லன் வீக்ஸ் 1925-ல் தண்ணீரில் இறங்கியது. அப்போது கரி அள்ளிப் போட்டார்கள். ஐம்பத்துமூன்றில் எண்ணெய்க்கு மாற்றினார்கள். பாய்லர்களை மட்டும் ‘அடுத்த வருஷம்’ என்றார்கள். இருபத்தாறு அடுத்த வருஷங்கள் போய்விட்டன.

செப்டம்பர் 15. அஷ்டபுலா

நானே முன்கட்டுக்கு நடந்து போனேன்.

“ஆபீசுக்கு எழுது கிளெம். ரெண்டு வாரம் நிறுத்தினா எல்லாக் குழாயையும் மாத்திடலாம்.”

“எழுதினா மாத்துவாங்களா? இந்தக் கிழவிக்கு எவன் புதுக் குழாய் வாங்குவான்? நேரா உடைக்கிற யார்டுக்கு இழுத்துட்டுப் போவாங்க. இருபத்தெட்டுப் பேரும் தெருவுல நிப்போம்.”

“வெடிச்சா இருபத்தெட்டுப் பேரும் தண்ணியில கிடப்போம்.”

“நீ எப்பவும் இப்படித்தான். உங்க வீட்ல எல்லாருமே இப்படித்தான்.”

அதோடு எழுந்து ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். கேப்டன் ஜன்னல் துடைக்கிறான்! நான் என்ன செய்ய, துணி பிழிந்து கொடுக்கவா?

எல்மா துறைக்கு வந்திருந்தாள். ஏலக்காய் ரொட்டி இரண்டு, தனித்தனியாகச் சுற்றிக் கொண்டுவந்தாள். ஒன்றாகக் கொடுத்தால் பங்கு போட்டுக்கொள்ள மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

அக்டோபர் 2

பத்தாவது குழாய். கிளெமுக்கு இன்னொரு சீட்டு.

அக்டோபர் 9. ஹூரான் ஏரி

மத்தியானச் சாப்பாட்டில் சமையல்காரர் சொர்வாலா எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார்: “சீஃப், ஏதோ புகார் எழுதப் போறீங்களாமே? டிசம்பர்ல பருவம் முடியிற வரைக்கும் பொறுத்துக்குங்க. அப்புறம் உக்காந்து இன்னொரு பைபிளே எழுதுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன்? கீழே இறங்கி வந்தால் லியோ பூஷார் பாய்லர் முன்னால் நிற்கிறான். நெருப்பைக் கவனிப்பது அவன் வேலை. அவன் முகத்துக்கும் நெருப்பறைக் கதவுக்கும் நாலடி. அங்கே யாரும் சிரிப்பதில்லை.

அக்டோபர் 23. சுப்பீரியர் ஏரி

வெடித்தது.

காலை பத்தேகால். வடமேற்குக் காற்று, அலை தளத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் கிழிந்து தண்ணீர் நெருப்பறைக்குள் கொட்டி, கதவு வழியாக நீராவி பாய்ந்து வந்தது. இரண்டாம் பாய்லரைத் துண்டித்து, முதலாவதில் அழுத்தம் ஏற்றப் பதினொரு நிமிஷம். அந்தப் பதினொரு நிமிஷமும் கப்பல் காற்றுக்குப் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. கருவிகள், வாளி, நாற்காலி எல்லாம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்ப் போய் வந்தன.

தொலைபேசியில் கிளெம். “அர்வோ, சுக்கான் பிடிக்கல. நீராவி எப்போ?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா தெரியலடா!”

ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும்.

யாருக்கும் அடி இல்லை. லியோ அந்த நேரம் காப்பி ஊற்ற அந்தப் பக்கம் போயிருந்தான். அவ்வளவுதான் விஷயம். ஒரு கோப்பை காப்பி.

அக்டோபர் 24

ஒற்றைப் பாய்லரில் ஊர்கிறோம். முன்கட்டுக்குப் போய்க் கப்பலின் பதிவேட்டைப் புரட்டினேன். “மோசமான வானிலையால் வேகம் குறைக்கப்பட்டது.” ஒரே ஒரு வரி!

“இதுல பாய்லர் எங்க கிளெம்?”

“வானிலை மோசமா இல்லையா?”

“நான் கேட்டது பாய்லர்.”

“நான் எழுதினதுல பொய் இருக்கா, சொல்லு.”

பொய்யில்லைதான். பொய்யே இல்லாமல் பொய் சொல்லக் கற்றுவைத்திருக்கிறான்.

அக்டோபர் 26. டெட்ராய்ட் ஆறு

கடலோரக் காவல் படையின் பாய்லர் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதி, முன்கட்டிலிருக்கும் தபால் பெட்டியில் போட்டேன். ஆற்றில் தபால் படகு வந்து ஒட்டிக்கொள்ளும், கயிற்றில் வாளி இறங்கும், நம் பை போகும், அவர்கள் பை வரும். கப்பல் நிற்பதே இல்லை.

சாயங்காலம் கப்பலில் காவல் பார்க்கும் டெல்மர் பின்கட்டுக்கு வந்தான். “சீஃப், தபால் பைக்குள்ள போடுறதுக்கு முன்னாடி உங்க கவரை கேப்டன் பார்த்துட்டாரு. விலாசத்தைப் படிச்சாரு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. கிழிச்சு ஆத்துல போடப்போறார்னு நினைச்சேன்.”

“அப்புறம்?”

“பையில போட்டு, வாயைக் கட்டி, அவரே என் கையில குடுத்தாரு.”

கத்துவான், தடுப்பான் என்று நினைத்து, அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். இப்போது அந்தப் பதில்களை என்ன செய்வது? எனக்கு அவன்மேல் இன்னும் அதிகமாகத்தான் ஆத்திரம் வருகிறது.

நவம்பர் 5. அஷ்டபுலா

ஆய்வாளர் சின்னச் சுத்தியலோடு நெருப்பறைக்குள் தவழ்ந்து போனார். டிங், டிங். மூன்றாவது தட்டில் சத்தம் வரவில்லை. சுத்தியல் குழாயைத் துளைத்து உள்ளே போய்விட்டது. வெளியே வந்து, “இதை வெச்சுக்கிட்டா ஓட்டினீங்க?” என்றார்.

மத்தியானத்துக்குள் ஆபீசிலிருந்து தகவல்: பருவம் முடிந்தது. கப்பல் விற்பனைக்கு.

எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சொர்வாலா கை கொடுக்கவில்லை. லியோ மட்டும், “நல்லதுதான் பண்ணீங்க சீஃப்” என்றான், ஏணியைப் பார்த்துக்கொண்டே. கிளெம் முன்கட்டிலிருந்து வெளியே வரவேயில்லை.

டிசம்பர் 18. கிளீவ்லாந்து

விசாரணை. “சீஃப் எனக்குச் சொல்லல” என்று கிளெம் சொல்வான், அதைப் பிடித்துக் கிழிக்கலாம் என்று நான் அனுப்பிய சீட்டுகளின் நகல்களையெல்லாம் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன்.

“சீஃப் மூணு தடவை சொன்னார். நான்தான் எழுதல” என்றான்.

கிளெமுக்கு ஆறு மாதம் உரிமம் ரத்து. நான் செய்தது சரி. முத்திரை வைத்த காகிதத்திலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்து எல்மாவுக்குப் போன் செய்தேன். “இப்ப சந்தோஷமா அண்ணா?” என்றாள். வைத்துவிட்டாள்.

சந்தோஷமா? யாரிடம் கேட்கிறாள்? நான் என்ன, அவன் உரிமத்தையா கேட்டேன்? குழாய்தானே கேட்டேன்!

பிப்ரவரி 3, 1980

விற்றாகிவிட்டதாம். பழைய இரும்பாக.

மார்ச் 27

ஆயிரம் அடிக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, மூன்றாம் எஞ்சினியராக. முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு மூன்றாமவன். என் மேலதிகாரிக்கு வயது முப்பத்தாறு. ஏப்ரல் இருபதில் ஏற வேண்டும். லியோவுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 12

ஏரியில் பனிக்கட்டி கரைந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன்.

“அர்வோ.”

நாலு மாசத்துக்குப் பிறகு அந்தக் குரல். “சொல்லு” என்றேன்.

“மீன் பிடிக்கலாம்னு படகை இறக்கினேன். மோட்டார் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது.”

“பெட்ரோல் பழசாயிருக்கும். கார்புரேட்டர் அடைச்சிருக்கும்.”

“அதைக் கழட்டணுமா?”

“நீ தொடாதே. தொட்டா கெடுத்துடுவே.”

பின்னால் எல்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“அப்ப எப்ப வர்றே?” என்றான்.

சின்னத் திருகாணிகளுக்கான கருவிப் பெட்டியைத் தேடி எடுத்துக் கதவருகே வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.